கேட்க ஆளில்லாத வேலையை எப்படி முடிப்பது? (மேலாளர் இல்லை, வருகைப்பதிவு இல்லை, இடையில் கெடு இல்லை)

அரைப்பக்கம் கேட்கிறார்:

வேலை இதுதான். சுமார் 80 பக்கம் வரக்கூடிய ஓர் ஆய்வறிக்கை. கையில் 16 வாரம். வழிகாட்டி இருக்கிறார், ஆனால் "முடித்ததும் அனுப்புங்கள்" என்பதோடு சரி. நடுவில் என்ன ஆயிற்று என்று கேட்க மாட்டார்.

"சோம்பலை விடு, மனவுறுதி வேண்டும்" வகைப் பதில்களைத் தயவுசெய்து தவிர்க்கவும். அடுத்தவர் காத்திருக்கும் வேலையை நேரத்துக்கு முடித்துக்கொடுக்கும் அதே ஆள், தன் சொந்த வேலைக்கு மட்டும் வாய்தா மேல் வாய்தா வாங்குகிறார் என்றால், கோளாறு ஆளிடம் இல்லை, வேலை அமைந்திருக்கும் விதத்தில் இருக்கிறது என்பது என் கணிப்பு.

செய்து பார்த்தவையும் அவை உடையும் இடமும்:

பட்டியல் போட்டால் எளிய வரிகள் எல்லாம் அடிபட்டுவிடும், "2ஆம் அத்தியாயம்" என்ற வரி மட்டும் வாரக்கணக்கில் அப்படியே நிற்கும். காலை 6 முதல் இரவு 10 வரை அட்டவணை போட்டால், ஒரு மணிநேரம் தவறியதுமே மீதி நாளும் போய்விடுகிறது. 25 நிமிட டைமர் தொடங்கிய பிறகு நன்றாக ஓட வைக்கிறது, ஆனால் தொடங்க வைப்பதில்லை. தானே வைத்துக்கொண்ட கெடுவோ பல் பிடுங்கிய பாம்பு. மீறினால் ஒன்றும் ஆகாது என்பது வைத்தவருக்கே தெரியும்.

கேள்விகள் மூன்று. வெளியார் இல்லாத இடத்தில் கெடுவை எப்படிக் கெடுவாக்குவது? ஒரு நாளைக்கு எத்தனை மணிநேரம் என்று கணக்கு வைப்பது நியாயம்? ஒரு வாரம் முழுக்கப் போய்விட்டால் எப்படித் திரும்புவது?

---

மரத்தச்சன்:

உங்கள் கணிப்பு பெரும்பாலும் சரி. அலுவலகம் என்பது ஒரே பொருள் இல்லை, ஐந்து தனித்தனிச் சேவைகள். எப்போது உட்கார வேண்டும் என்று சொல்கிறது. வேலையைத் துண்டு போட்டுக் கையில் கொடுக்கிறது. முடிவுக்காக ஓர் ஆளைக் காத்திருக்க வைக்கிறது. எப்போது எழுந்து போகலாம் என்று சொல்கிறது. எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று கண்ணுக்குக் காட்டுகிறது. தனியாக வேலை செய்யும்போது ஐந்தும் ஒரே நாளில் காணாமல் போகின்றன. அந்த ஐந்தின் இடத்தில் "உந்துதல்" என்ற ஒன்றை வைத்து நிரப்பப் பார்ப்பதுதான் எல்லாரும் செய்கிற தவறு. ஐந்தையும் தனித்தனியாகத்தான் திரும்ப வாங்க வேண்டும். நான் முதல் இரண்டை மட்டும் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு சூத்திரம். தள்ளிப்போடுவதைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2007இல் பியர்ஸ் ஸ்டீல் வெளியிட்ட கட்டுரையில் வருவது: முடியும் என்ற நம்பிக்கையையும் முடிவின் மதிப்பையும் பெருக்குங்கள், பலன் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதையும் ஆள் எவ்வளவு சபலப்படுகிறார் என்பதையும் பெருக்கி அதால் வகுங்கள். கிடைப்பது இந்தக் கணத்தின் ஊக்கம். 16 வாரம் தள்ளி இருக்கும் பலனை வகுத்தால் விடை சுழியை ஒட்டித்தான் நிற்கும். கடைசி வாரத்தில் பேய் பிடித்தது போல வேலை நடப்பதும் இதே கணக்கால்தான். ஆள் மாறவில்லை, கீழே இருக்கும் எண் சுருங்கிவிட்டது. நம்பிக்கையையும் மதிப்பையும் நாளைக் காலைக்குள் மாற்ற முடியாது. தொலைவையும் சபலத்தையும் மாற்றலாம். எனவே கை வைக்க வேண்டியது அங்கேதான்.

துண்டு போடுவது: "2ஆம் அத்தியாயம்" என்பது வேலையே இல்லை, ஓர் ஊரின் பெயர் மாதிரி. அங்கே போய் என்ன செய்வது என்பது அதில் இல்லை. நல்ல துண்டுக்கு மூன்று சோதனை. வினைச்சொல் இருக்க வேண்டும். ஒரே உட்காரலில் முடிய வேண்டும், அதிகபட்சம் 90 நிமிடம். முடிந்துவிட்டது என்பதை அடுத்தவர் பார்த்துச் சொல்ல முடிய வேண்டும். "முன்னாய்வுகளைப் படி" மூன்றாவது சோதனையில் தோற்கும். "6 கட்டுரையிலிருந்து தலா 3 வரி குறிப்பு" தேறும்.

2ஆம் அத்தியாயம் 20 பக்கம் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து உபதலைப்பு, தலா 4 பக்கம். ஓர் உபதலைப்புக்கு: கட்டுரைகளைத் தேர்ந்து திறந்து வைக்க 20 நிமிடம், குறிப்பெடுக்க 90, குறிப்புகளை வரிசைப்படுத்த 30, நிறுத்தாமல் கரடுமுரடாக எழுத 60 வீதம் இரண்டு உட்காரல், திருத்த 60. கூட்டினால் 320 நிமிடம். ஐந்துக்கும் சேர்த்துச் சுமார் 27 மணிநேரம். மலைப்பாக இருந்தது இப்போது கூலிக்கணக்காகி விட்டது.

இங்கே இரண்டு இடத்தில் சறுக்கும். ஒன்று, 80 பக்கத்தையும் முதல் நாளே துண்டு போட உட்கார்வது. அடுத்த இரண்டு வாரத்துக்கு மட்டும் போடுங்கள். மீதி எப்படியும் மாறும். தவிர, துண்டு போடுவதைப் போல மரியாதையான தள்ளிப்போடல் வேறு கிடையாது. இரண்டு, 5 நிமிடத் துண்டுகளாக நறுக்குவது. 200 வரி வந்து நிற்கும், பிறகு அந்தப் பட்டியலைப் பராமரிப்பதே ஓர் உத்தியோகம்.

தொடங்குவது: பீட்டர் கோல்விட்சர் 1999இல் எழுதியது, "இது நடந்தால் அதைச் செய்வேன்" என்ற வடிவத்தில் முன்கூட்டியே முடிவெடுத்து வைப்பது பற்றி. 2006இல் அவரும் ஷீரனும் 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வெறும் "செய்ய வேண்டும்" என்ற எண்ணத்தை விட இது தெளிவாகவே கூடுதல் பலன் தந்திருந்தது. வாக்கியத்தில் மூன்று உறுப்பு இருக்க வேண்டும்: அறிகுறி, இடம், முதல் கையசைவு. "காலை 9 மணிக்கு எழுதுவேன்" போதாது, 9 மணி சத்தமில்லாமல் கடந்து போகும். "குளித்து உடை மாற்றியதும், ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து, நேற்றுச் சிவப்பில் குறித்து வைத்த வாக்கியத்தை முடிப்பேன்." அறிகுறி தானாக நடக்கிற நிகழ்ச்சியாக இருப்பது நல்லது.

இடையூறுக்கும் ஒன்று எழுதிக்கொள்ளுங்கள்: "ஃபோனைத் தேடிக் கை போனால், தாளில் ஒரு கோடு போட்டுவிட்டு, பாதியில் நிற்கும் வாக்கியத்தை முடிப்பேன்." இரண்டு போதும். பத்து எழுதினால் ஒன்றும் நினைவுக்கு வராது.

ஃபோன் வேறு அறையில், சார்ஜரோடு. மேசையில் கவிழ்த்து வைப்பதெல்லாம் கணக்கில் சேராது. டைமருக்கு ஃபோனைப் பயன்படுத்தாதீர்கள். எத்தனை நிமிடம் பாக்கி என்று பார்க்க எடுத்த கை எங்கே போகும் என்று எல்லாருக்கும் தெரியும். மலிவான ஒரு மேசைக் கடிகாரம் போதும்.

---

கணக்குப்பிள்ளை:

தச்சர் போட்ட 27 மணிநேரத்தை அப்படியே நம்பிவிடாதீர்கள், அதை ஒன்றரைக்கு மேல் பெருக்க வேண்டும். இதற்கென்றே ஆய்வறிக்கை எழுதும் மாணவர்களை வைத்து நடந்த ஆய்வு இருக்கிறது (பியூலர், கிரிஃபின், ராஸ், 1994). சராசரியாக 33.9 நாளில் முடிப்போம் என்றார்கள். எல்லாமே தப்பாகப் போனால் எத்தனை நாள் என்று கேட்டதற்கு 48.6 என்றார்கள். உண்மையில் ஆனது 55.5 நாள். அதாவது அவர்களுடைய மோசமான கணிப்பே நிஜத்துக்கு ஒரு வாரம் குறைவு. 55.5ஐ 33.9ஆல் வகுத்தால் 1.6 சொச்சம். சொந்தமாக அளந்த எண் கிடைக்கும் வரை இந்த 1.6ஐக் கடன் வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் 16 வாரம். கடைசி 3 வாரத்தைத் தொடாதீர்கள். வடிவமைப்பு, மேற்கோள் பட்டியல், வழிகாட்டியின் திருத்தங்கள், காய்ச்சல், லேப்டாப் மக்கர் எல்லாவற்றுக்கும் அது. மீதி 13 வாரம். வாரம் 5 நாள், நாளைக்கு 3 மணிநேரம்: 195 மணிநேரம்.

வேலை: 20 பக்கத்துக்கு 27 என்றால் 80 பக்கத்துக்குச் சுமார் 107. அதை 1.6ஆல் பெருக்கினால் 171. பாக்கி 24 மணிநேரம், அதாவது 8 வேலைநாள்.

இந்த 8தான் இந்தத் திட்டத்திலேயே முக்கியமான எண். ஒரு தாளில் 8 கட்டம் வரைந்து மேசைக்கு மேல் ஒட்டுங்கள். வேலை நடக்காத ஒவ்வொரு வேலைநாளுக்கும் ஒரு கட்டத்தை அடியுங்கள். "நாளைக்குப் பார்க்கலாம்" என்பதற்கு விலை இல்லாததால்தான் அது அவ்வளவு தாராளமாக வருகிறது. கட்டம் வரைந்தபின் அதற்கு விலை உண்டு, எட்டில் ஒன்று. திட்டமிட்டே எடுக்கும் விடுமுறைக்கும் இதிலிருந்துதான் எடுக்க வேண்டும். குற்றவுணர்ச்சி தேவையில்லை, கட்டம் இருக்கிறது, செலவழிக்கலாம். 8ம் தீர்ந்தால் நாளைக்கு 3 மணிநேரத்தை 6 ஆக்காதீர்கள், பக்கத்தைக் குறையுங்கள். எதை வெட்டலாம் என்று இன்றே ஒரு வரி எழுதி வைத்துவிடுங்கள். நெருக்கடியில் எடுக்கும் முடிவு எப்போதும் "தூக்கத்தை வெட்டு" என்றுதான் வரும்.

இரண்டாவது கேள்விக்கு: 3 மணிநேரம். 90 நிமிடம் வீதம் இரண்டு, நடுவில் அரைமணி இடைவெளி. 8 மணிநேரம் என்று எழுதுபவர்கள் அலுவலகத்தில் இருந்த நேரத்தை எண்ணுகிறார்கள், தலையைக் கசக்கி எழுதிய நேரத்தை அல்ல. முதல் வாரத்தில் 3கூட வராது. 2 வந்தால் அதை அப்படியே குறியுங்கள்.

முடிவு நேரமும் கண்டிப்பாக வேண்டும். ஒதுக்கிய நேரம் முழுக்க நிரம்பும்படி வேலை ஊதிக்கொள்ளும் என்று பார்க்கின்சன் 1955இல் கிண்டலாக எழுதியது அரசு அலுவலகங்களைப் பற்றி, ஆனால் தனியாள் விஷயத்தில் இன்னும் பொருந்தும். நாள் முழுக்கக் கையில் இருக்கிறது என்றால் எந்த மணிநேரத்துக்கும் மதிப்பில்லை. பகல் 1 மணிக்கு மூடிவிட வேண்டும் என்று இருந்தால் 11:30க்கு ஒரு விறுவிறுப்பு வரும். 1 மணிக்கு மேல் "இன்று கொஞ்சம்தான் நடந்தது, இரவில் பார்த்துக்கொள்ளலாம்" என்ற கதவைத் திறந்து வைத்தால், மறுநாள் காலையின் முதல் 90 நிமிடம் அங்கேயே செத்துவிடும்.

---

எதிர்வரிசை:

மேலே இருவரும் கெடு விஷயத்தைத் தொடவில்லை. முதல் கேள்வியே அதுதானே.

தானே வைத்த கெடு பயனற்றது என்று சொல்வது பாதி உண்மை. ஏரியலியும் வெர்ட்டன்ப்ரோக்கும் 2002இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு சோதனை: தரப்பட்ட மூன்று உரைகளில் பிழை கண்டுபிடிக்க வேண்டும். ஒரு குழுவுக்குச் சம இடைவெளியில் மூன்று கெடு வெளியிலிருந்து விதிக்கப்பட்டது. ஒரு குழு தன் கெடுவைத் தானே வைத்துக்கொண்டது. இன்னொரு குழுவுக்குக் கடைசியில் ஒரே கெடு. சம இடைவெளிக்காரர்கள் முதலிடம், தானே வைத்தவர்கள் நடுவில், ஒரே கெடுக்காரர்கள் கடைசி. ஆக, சொந்தக் கெடு ஒன்றுமில்லாததை விட மேல். ஆனால் மனிதர்கள் அதைச் சரியான இடங்களில் வைப்பதில்லை. கவனிக்க வேண்டியது, அங்கே தானே வைத்த கெடுவும் அடுத்தவர் கையில் பதிவாகி இருந்தது, தாமதித்தால் தண்டமும் உண்டு. உங்கள் கெடு உங்கள் நோட்டுக்குள்ளேயே இருக்கிறது. வாதியும் நீங்கள், நீதிபதியும் நீங்கள். வாய்தா கிடைக்காமல் எப்படி இருக்கும்?

எனவே கெடுவை ஓர் ஆளிடம் ஒப்படைக்க வேண்டும். அவருக்கு வேலை வைக்காமல். வழிகாட்டிக்கு இப்படி ஒரு மெசேஜ் போதும்:

"ஒவ்வொரு வெள்ளியும் மாலை 5 மணிக்கு, அந்த வாரம் எழுதியதை, எந்த நிலையில் இருந்தாலும், உங்களுக்கு அனுப்புகிறேன். நீங்கள் படிக்க வேண்டியதில்லை. வரவில்லை என்றால் மட்டும் 'எங்கே?' என்று ஒரு சொல் அனுப்பினால் போதும்."

13 வாரத்தில் 80 பக்கம் என்றால் வாரம் 6 பக்கத்துக்குச் சற்று மேல். ஆனால் விதி பக்கத்தின் மேல் இல்லை, தேதியின் மேல். தேதி நகரக்கூடாது, அளவு குறையலாம். அரைப்பக்கம் இருந்தால் அரைப்பக்கம் போகும் (பெயர்ப் பொருத்தம் தற்செயல்). "இன்னும் நன்றாக்கிவிட்டுத் திங்கள் அனுப்புகிறேன்" என்று ஒரு முறை நடந்தால் அந்த வெள்ளிக்கு அதோடு மரியாதை போயிற்று. பெரும்பாலான ஏற்பாடுகள் சாவது இந்த இடத்தில்தான்: ஒரு வாரம் கொடுக்க ஒன்றுமில்லை, வெட்கத்தில் மௌனம், அடுத்த வாரம் இன்னும் வெட்கம், பிறகு அந்த ஆளையே தவிர்ப்பது.

"என்னை ஊக்கப்படுத்து" என்று நெருங்கிய நண்பரிடம் கேட்காதீர்கள். நண்பர் மன்னித்துவிடுவார். பணத்தைப் பணயம் வைப்பதிலும் இதே ஓட்டை: தொகை பெரிதென்றால் வசூலிக்க அவருக்கு மனம் வராது, சிறிதென்றால் உங்களுக்கு உறைக்காது.

ஊருக்கெல்லாம் அறிவிப்பதை நான் எதிர்க்கிறேன். கோல்விட்சர் குழுவே 2009இல் காட்டியது: "நான் இன்னாராக ஆகப் போகிறேன்" என்ற வகை எண்ணத்தை அடுத்தவர் கவனித்துவிட்டால், அதற்கான உழைப்பு குறைகிறது. பாராட்டு முன்கூட்டியே வந்து சேர்ந்துவிடுகிறது. ஒரே ஆளிடம் பக்க எண்ணிக்கையைச் சொல்லுங்கள், நூறு பேரிடம் கனவைச் சொல்லாதீர்கள்.

இன்னொன்று, சேர்ந்து உட்கார்வது. வீடியோ அழைப்பில் இருவர், கேமரா திறந்து, மைக் மூடி, 50 நிமிடம். தொடங்கும்போது ஆளுக்கு ஒரு வரி (இப்போது எதை முடிக்கப் போகிறேன்), முடிவில் ஒரு வரி. அரட்டை கடைசி 5 நிமிடத்தில் மட்டும். ஆனால் எல்லா வேலைக்கும் இது ஒத்துவராது. பக்கத்தில் ஆள் இருப்பது பழகிய வேலையை வேகப்படுத்தும், புதிய கடினமான வேலையைக் கெடுக்கும் என்று ஸாயன்ஸ் 1965லேயே வகைப்படுத்திவிட்டார். குறிப்பெடுக்க, அட்டவணை போட, மேற்கோள் சரிபார்க்கச் சேர்ந்து உட்காருங்கள். வாதத்தை முதன்முதலாகக் கட்டும் பகுதிக்குத் தனிமைதான் நல்லது.

---

அரைப்பக்கம்:

எட்டுக் கட்டம் உடனே ஒட்டியாயிற்று. நன்றி. ஆனால் ஒரு சந்தேகம். துண்டு சிறியது, ஃபோன் வேறு அறையில், நேரமும் குறித்தாயிற்று. அப்படியும் குறிப்பிட்ட சில துண்டுகளில் மட்டும் கை நகர்வதில்லை. அதே நாளில் வேறு துண்டு தாராளமாக நடக்கிறது. இது அமைப்புக் கோளாறு மாதிரித் தெரியவில்லையே?

---

நிதானம்:

இல்லை, இது வேறு. ஸிரோயும் பிச்சிலும் 2013இல் முன்வைத்த விளக்கம் இங்கே உதவும்: தள்ளிப்போடுவது நேர நிர்வாகக் குறை அல்ல, மனநிலையை அந்த நிமிடத்துக்குச் சரிசெய்துகொள்ளும் வழி. வேலையைத் தொட்டதும் ஒரு கசப்பு, விலகியதும் நிம்மதி. அந்த நிம்மதிதான் கூலி, அதனால்தான் பழக்கம் இறுகுகிறது. அட்டவணை நன்றாக இருக்கிறதா என்று இந்த இடத்தில் கேட்பது வீண். என்ன கசப்பு என்று கேட்க வேண்டும். நின்றுபோன துண்டின் பக்கத்தில் ஒரே சொல் எழுதுங்கள்: குழப்பம், பயம், சலிப்பு, எரிச்சல். மருந்து ஒவ்வொன்றுக்கும் வேறு.

குழப்பம்தான் அதிகம் வரும், அதுவும் மாறுவேடத்தில், சோம்பல் மாதிரி. உண்மையில் அடுத்து என்ன என்று தெரியவில்லை. அந்தத் துண்டை எடுத்துவிட்டு, "எனக்கு இங்கே என்ன தெரியவில்லை" என்று 15 நிமிடம் கேள்விகளாக மட்டும் எழுதுங்கள். ஏழெட்டு வரும். பாதிக்கு விடை குறிப்புகளிலேயே இருக்கும். மீதியில் ஒன்றை மட்டும், ஒரே வரியில் பதில் வரும்படி சுருக்கி வழிகாட்டிக்கு அனுப்புங்கள். "3ஆம் அத்தியாயம் பற்றிப் பேச வேண்டும்" என்று அனுப்பினால் பதில் வராது. "நேர்காணல்களைக் கால வரிசையில் வைக்கட்டுமா, கருப்பொருள் வரிசையிலா?" என்றால் ஒரு வரியில் வந்துவிடும்.

பயம் என்றால், பெரும்பாலும் எழுதுவது மட்டமாக இருக்குமோ என்ற பயம். தனி ஃபைல் திறந்து அதற்கு "குப்பை" என்று பெயர் வையுங்கள். அதில் அழிக்கக்கூடாது, பின்னால் போய்த் திருத்தக்கூடாது, சொல் கிடைக்காத இடத்தில் மூன்று புள்ளி. 25 நிமிடம். பிறகு அதிலிருந்து தேறியதை மட்டும் உண்மையான ஃபைலுக்கு எடுத்துப் போங்கள். எழுதுவதையும் எடைபோடுவதையும் ஒரே நேரத்தில் செய்ய முனைவதுதான் கையைக் கட்டுகிறது.

சலிப்புக்குப் பெரிய தத்துவம் வேண்டாம். நாளின் கடைசி அரைமணியில் போடுங்கள், கடிகாரத்தோடு போட்டி போட்டு முடியுங்கள். எரிச்சல் வந்தால் மட்டும் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். "இந்தப் பகுதி எதற்கு?" என்ற கேள்வி நியாயமாகவே இருக்கலாம், வெட்டிவிடலாமா என்று பாருங்கள்.

மூன்றாவது கேள்வி, முழுக்கக் கைவிட்டுப் போன வாரம். 2010இல் வோல், பிச்சில், பென்னட் மூவரும் முதலாண்டு மாணவர்களிடம் பார்த்தது: முதல் தேர்வுக்குப் படிப்பதைத் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள், அடுத்த தேர்வுக்குக் குறைவாகத் தள்ளிப்போட்டார்கள். திட்டிக்கொள்வது உறைக்கும், வேலைக்காகாது. காரணம் மேலே சொன்னதுதான்: வேலையைத் தொட்டால் இப்போது பழைய கசப்போடு அவமானமும் சேர்ந்து வருகிறது.

செய்முறை இது. திங்கள் காலை 5 கட்டத்தை அடியுங்கள். ஏன் போயிற்று என்று ஒரே வரி, காரணமாக, தீர்ப்பாக அல்ல. "2 நாள் விருந்தாளி, 3 நாள் குழப்பத் துண்டு" என்பது காரணம். "நான் உருப்படமாட்டேன்" என்பது தீர்ப்பு, அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அன்றைக்கு ஒரே ஒரு 45 நிமிடம், அதுவும் இருப்பதிலேயே எளிய துண்டு. செவ்வாய் ஒரு 90. புதன் பழைய 3 மணிநேரம். விட்டதை எல்லாம் பிடிக்கத் திங்களுக்கு 6 மணிநேரம் போட்டால், தப்பி ஓடிய வேலையை விடப் பயங்கரமான வேலையை முன்னால் நிறுத்துகிறீர்கள். மறுபடியும் ஓட்டம்தான்.

ஓர் எச்சரிக்கை. இந்த இழையில் உள்ளவை குறிப்பிட்ட வேலை தேங்குபவர்களுக்கு. பிடித்த வேலையிலும் கவனம் நிற்பதில்லை, பொருட்கள் தொலைகின்றன, கட்டணங்கள் தவறுகின்றன, இதெல்லாம் 12 வயதுக்கு முன்பிருந்தே என்றால், கவனக்குறைபாடு இருக்கிறதா என்று மனநல மருத்துவரிடம் முறையாகப் பரிசோதிப்பது நல்லது. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமில்லை, தூக்கமும் பசியும் மாறிவிட்டது என்றாலும் அப்படியே. அங்கே டைமரும் கட்டமும் ஆளை இன்னும் நோகடிக்கும்.

---

ஒருவரி:

21 நாளில் பழக்கமாகிவிடும் என்று யாராவது வருவதற்கு முன்: லாலி குழுவினர் 2010இல் அளந்தபோது நடு மதிப்பு 66 நாள், வீச்சு 18 முதல் 254 வரை. ஒருநாள் விட்டதால் பெரிய சேதம் இல்லை என்றும் அதே ஆய்வு. 16 வாரம் 112 நாள்தான். பாதி வழி தாண்டும்வரை ஊன்றுகோலைக் கழற்ற வேண்டாம்.

---

மரத்தச்சன்:

விட்டுப்போன ஒன்று, நாளை மூடும் பத்து நிமிடம். நல்ல தொடக்கம் முந்தைய நாளில்தான் தயாராகிறது.

1 மணிக்கு மூட வேண்டும் என்றால் 12:50க்குக் கையை நிறுத்துங்கள். வாக்கியத்தின் நடுவிலே நின்றாலும் பரவாயில்லை, அடுத்து என்ன வரும் என்று தெரிந்த இடத்தில் நிற்பதே நல்லது. பத்தியைச் சுத்தமாக முடித்துவிட்டால் மறுநாள் வெற்றுத்தாள்தான் வரவேற்கும். நாளைய முதல் துண்டை வினைச்சொல்லோடு சிவப்பில் எழுதுங்கள். தேவையான ஃபைலைத் தவிர எல்லா டேபையும் மூடுங்கள். முடிக்காத வேலை மண்டைக்குள் குடைவதைப் பற்றி மாசிகாம்போவும் பாமைஸ்டரும் 2011இல் பார்த்தது, வேலையை முடிக்காவிட்டாலும் எப்போது எப்படிச் செய்வது என்று குறித்து வைத்தாலே அந்தக் குடைச்சல் அடங்குகிறது என்பது. மாலை நிம்மதியாக இருக்கவும் இது உதவும்.

பிறகு நோட்டில் நான்கு நெடுவரிசை: தேதி, துண்டு, நினைத்த நிமிடம், ஆன நிமிடம். அவ்வளவே. மூன்று வாரத்தில் உங்கள் சொந்தப் பெருக்கல் எண் கிடைத்துவிடும், கணக்குப்பிள்ளையின் 1.6ஐத் திருப்பிக் கொடுத்துவிடலாம். குறிப்பெடுப்பதற்கு 1.2, எழுதுவதற்கு 2.3 என்று வகைக்கு ஓர் எண் வருவது சகஜம். இதற்கு ஆப் தேட வேண்டாம். ஆப்பைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு கட்டம் போய்விடும்.

---

அரைப்பக்கம்:

கடைசியாக ஒன்று. வழிகாட்டி அந்த "எங்கே?"யைக்கூட அனுப்பாவிட்டால்?

---

எதிர்வரிசை:

அனுப்பாமல் போக வாய்ப்பு அதிகம், அவரும் மனிதர்தானே. அனுப்பத் தவறிய ஒரு வெள்ளியைப் பொறுங்கள். இரண்டாவது தடவையும் நடந்தால் ஆளை மாற்றிவிடுங்கள், அவரிடம் குறைபட்டுக்கொண்டு நேரத்தை வீணாக்காமல். இதே நிலையில் எழுதிக்கொண்டிருக்கும் இன்னோர் ஆய்வாளர்தான் சரியான ஆள், ஏனென்றால் அவருக்கும் கேட்க ஆள் வேண்டும். வெள்ளி 5 மணி உங்களுடையது அவருக்கு, 5:10 அவருடையது உங்களுக்கு. அனுப்பாதவருக்கு 5:15க்கு அழைப்பு வரும், மெசேஜ் அல்ல. மெசேஜை நாளைக்குப் பார்க்கலாம் என்று வைத்துவிட முடியும்.